மானிட்டரில் சரியாக இருந்த படம் ஆல்பத்தில் ஏன் இருட்டாகிறது? டோனை (ஒவ்வோர் இடத்தின் வெளுப்பு, கருமை அளவை) எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

மயிலைக்காளை (தாராபுரம்)

வணக்கங்க. கல்யாணப் படங்கள் எடுக்கிறேன், நேரம் கிடைக்கும்போது காங்கேயம் மாடுகளையும் அவை மேயும் கொறங்காட்டையும் எடுப்பேன். என் கேள்வி எடிட்டிங் பற்றியது, கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் மூலனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பகலெல்லாம் வேலை இருந்ததால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் எடிட் செய்ய உட்கார்ந்தேன், திரையில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று அறை விளக்கையும் அணைத்துவிட்டேன். ஒவ்வொரு படமும் திருப்தியாக இருந்தது. ஆல்பம் அச்சாகி வந்ததும் பார்த்தால் பாதிப் படங்கள் இருண்டு கிடக்கின்றன. மாப்பிள்ளையின் தலைமுடியும் பின்னால் நிற்கிற மாமாவின் கோட்டும் ஒரே கறுப்புத் திட்டாகச் சேர்ந்துவிட்டன. அச்சுக்காரரைக் கேட்டால் நீங்கள் அனுப்பிய ஃபைலே அப்படித்தான் என்கிறார். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதே ஃபைலை அதே மானிட்டரில் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்.

இன்னொன்று அதைவிட வேதனையாகிவிட்டது. காலையில் வெள்ளைச் சட்டை வேட்டியில் மாப்பிள்ளை, சாயங்காலம் மெரூன் திரைக்கு முன்னால் அதே மாப்பிள்ளை. இரண்டையும் தனித்தனியாகச் சரி செய்தேன், தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆல்பத்தில் முகத்தை மட்டும் வெட்டி எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தேன். பையனின் அம்மா இரண்டு முகத்தையும் விரலால் தொட்டு, "ஏன் கண்ணு, இதுல ஒரு நெறமா இருக்கறான், அதுல ஒரு நெறமா இருக்கறான்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஹிஸ்டோகிராமில் (படத்தில் கருமை முதல் வெளுப்பு வரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில்) இரண்டு ஓரமும் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளத் தெரியும். ஆனால் நடுவில் எந்தப் பொருள் எவ்வளவு வெளுப்பாக இருக்க வேண்டும், எவ்வளவு கருமையாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் எல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

தம்பி, முதலில் மானிட்டர் பிரைட்னஸ் எத்தனையில் இருக்கிறது? கடையிலிருந்து வந்தபடியே வைத்திருந்தால் அநேகமாக 250, 300 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அளவு) இருக்கும். அச்சுக்கான எடிட்டிங்குக்கு 80 முதல் 120 வரை போதும். இருட்டு அறையில் அவ்வளவு பிரகாசமான திரையைப் பார்த்தால் எல்லாமே வெளுத்துத் தெரியும், கை தானாக எக்ஸ்போஷரைக் குறைக்கும், நிழலையும் இழுத்து அமுக்கும். அச்சு இருட்டாகத்தான் வரும், வேறு வழியில்லை.

அளக்கும் கருவி இல்லையென்றால் இப்படிச் செய்து பாருங்கள். மானிட்டர் பக்கத்தில் ஒரு ஏ4 தாளை நிறுத்தி, அதன் மேல் சாதாரண மேசை விளக்கு படும்படி வையுங்கள், விளக்கு திரை மேல் படக்கூடாது. திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் திரை மங்கிப்போன மாதிரி இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். அப்புறம் அறை விளக்கை அணைக்கவே வேண்டாம்.

ஷேடு கார்டு (திருப்பூர்)

நான் போட்டோ எடுப்பவள் இல்லை, சாயப்பட்டறை லேபில் பதினாறு வருஷமாக ஷேடு பார்க்கிறேன், அதாவது துணியின் நிறம் கேட்டபடி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். தம்பியின் இரண்டாவது பிரச்சினை எங்களுக்குத் தினசரி வேலை, அதனால் எழுதுகிறேன்.

கண்ணுக்கு அளக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடத்தான் தெரியும். வெள்ளைச் சட்டைக்கு மேலே இருக்கும் முகம் உள்ளதைவிடக் கருப்பாகத் தெரியும். மெரூன் திரைக்கு முன்னால் அதே முகம் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். காலைப் படத்தில் முகத்தை ஏற்றியிருப்பீர்கள், சாயங்காலப் படத்தில் இறக்கியிருப்பீர்கள் அல்லது அப்படியே விட்டிருப்பீர்கள். சட்டையும் திரையும் இருந்த வரை இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. நீங்கள் முகத்தை மட்டும் வெட்டியதும் அண்டை வீடு போய்விட்டது, உண்மை அளவு வெளியே வந்துவிட்டது. அந்த அம்மா பார்த்தது முழுக்கச் சரி.

பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்துப் பாருங்கள். ஒரே பச்சை நூல் கறுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் பளிச்சென்றும், மஞ்சள் பட்டைக்குப் பக்கத்தில் அடங்கியும் தெரியும். பிரான்சில் செவ்ரல் என்கிற வேதியியலாளர் 1824-இல் பாரிஸ் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வந்த புகார்களில் ஒன்று, கறுப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்பது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. அந்த ஆராய்ச்சியை 1839-இல் வெளியிட்டார். இன்றைக்கும் எங்கள் லேபில் இந்தப் புகார் வரும், பையர் (துணி வாங்குபவர்) அனுப்பிய துணி சிவப்பு மேசையில் கிடந்தால் போதும்.

அதனால்தான் துணியை வைத்து நிறம் பார்க்கும் லைட் பாக்ஸின் உள்சுவரெல்லாம் வெறும் சாம்பல். பளிச்சென்ற சேலை கட்டிக்கொண்டு போனால் மேலே சாம்பல் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் ஷேடு பார்க்க வேண்டும், ஏனென்றால் சேலை நிறம் துணி மேல் விழும். சாயம் வெளிறியதா என்று பார்க்கக் கிரே ஸ்கேல் வைத்திருப்போம், இரண்டு இரண்டு சாம்பல் துண்டுகளாக இருக்கும், 5 என்றால் வித்தியாசம் இல்லை, 1 என்றால் மிக அதிகம், நடுவில் அரை அரையாக மொத்தம் ஒன்பது படி. பதினாறு வருஷ அனுபவம் இருந்தும் கிரே ஸ்கேலைப் பக்கத்தில் வைக்காமல் நான் ஒரு கிரேடு சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சாம்பல் அட்டையில் இரண்டு துளை போடுங்கள். திரையில் ஒப்பிட வேண்டிய இரண்டு இடத்துக்கும் மேலே துளை வரும்படி வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ளதெல்லாம் மறைந்துவிடும்.

ஆனைமலை (பொள்ளாச்சி)

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படம் பார்ப்பவர் அட்டையில் துளை போட்டா பார்க்கிறார்? சட்டையோடும் திரையோடும் சேர்த்துத்தானே பார்க்கிறார். அப்படியானால் சுற்றுப்புறத்தோடு சேர்த்து எப்படித் தெரிகிறதோ அதுதான் முக்கியம். நான் டாப்ஸ்லிப்பில் எடுத்த யானைப் படங்களை எந்த எண்ணையும் பார்க்காமல்தான் எடிட் செய்தேன், அச்சும் நன்றாகவே வந்தது. எண்ணைப் பார்த்துப் பார்த்து எடிட் செய்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பது என் பயம்.

மயிலைக்காளை

அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன், இன்னும் நம்ப முடியவில்லை.

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் எடுத்த ஒரு மயிலைக் காளையின் படம். உடம்பு சாம்பல் கலந்த வெள்ளை, திமிலும் கழுத்தும் கறுப்பு. திமில் மேல் வெயில் விழுகிறது, வயிற்றுப் பக்கம் கூடாரத்தின் நிழலில் இருக்கிறது. திமில் கறுப்பு, வயிறு வெள்ளை, இதில் யாருக்கும் சந்தேகம் வராது. அட்டையை வைத்தேன், ஒரு துளையில் திமில், இன்னொன்றில் வயிறு. இரண்டும் ஒரே சாம்பல்! அட்டையை எடுத்தால் மறுபடி கறுப்பும் வெள்ளையும். நாலைந்து தடவை வைத்து எடுத்துப் பார்த்தேன், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் ஹிஸ்டோகிராம் மேல் வலது கிளிக் செய்து லேப் (Lab) மதிப்பைக் காட்டச் சொன்னேன், அதில் எல் என்பது வெளிச்ச அளவு, 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. திமில் எல் 46, வயிறு எல் 48.

இதுநாள் வரை அந்த வயிற்றை "வெள்ளைதானே" என்று நினைத்து நிழலைத் தூக்கித் தூக்கிப் படத்தையே தட்டையாக்கி வைத்திருந்தேன். இப்போதுதான் ஏன் அந்தப் படத்தில் வெயில் தெரியவில்லை என்று புரிகிறது.

இருட்டறை (கோவை)

எனக்கு வயது எழுபதுக்குப் பக்கம். ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஸ்டூடியோவில் முப்பது வருஷம் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியவன். ஆனைமலைத் தம்பி சொல்வதும் சரி, திருப்பூர் அம்மா சொல்வதும் சரி, ஆனால் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். இந்த இடத்தில் எவ்வளவு டோன் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கண்ணை நம்பக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும். இரண்டாவதுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, அது படம் எடுத்தவனின் பொறுப்பு. தம்பிக்கு முதல் கேள்வியிலேயே தப்பு நடந்திருக்கிறது.

இருட்டறையில் சிவப்பு விளக்கில் பேப்பரை டெவலப்பரில் ஆட்டிக்கொண்டிருக்கும்போது படம் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். புதிதாக வந்த பையன்கள் ஐயோ கருத்துவிட்டதே என்று அவசரமாக வெளியே எடுப்பார்கள், வெள்ளை விளக்கில் பார்த்தால் சோகையாக இருக்கும். அதனால் எங்கள் முதலாளி கண்ணால் முடிவு செய்யவே விடமாட்டார். பேப்பரைத் துண்டாக வெட்டி 5 நொடி, 10, 15, 20 என்று படிப்படியாக வெளிச்சம் காட்டு, முழு நேரம் டெவலப் செய், வெளியே வெள்ளை விளக்கில் கொண்டுபோய்ப் பார் என்பார். ஈரத்தில் பார்த்ததைவிடக் காய்ந்ததும் பிரின்ட் இன்னும் கொஞ்சம் கருக்கும், அதற்கும் சேர்த்துக் கணக்கு வைக்க வேண்டும். நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே தாளில் நாலைந்து படத்தைச் சிறிதாகப் போட்டு, அதே பேப்பரில் ஒரு சோதனைப் பிரின்ட் எடுங்கள். முழு ஆல்பத்தைத் திரும்ப அடிப்பதைவிட அது எவ்வளவோ மலிவு. மேட் பேப்பர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அதன் கறுப்பே எல் 15, 20 அளவில்தான் நிற்கும், அதற்குக் கீழே நீங்கள் வைத்த தலைமுடியும் கோட்டும் ஒன்றாகத்தான் போகும்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஜோன் முறை. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச்சாம்பல் 5. நூலிழை தெரிய வேண்டிய நிழலை 3-இல் வை, மடிப்புத் தெரிய வேண்டிய வெள்ளையை 7 அல்லது 8-இல் வை. இன்றைய எண்ணில் சொன்னால், 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும் கிரே கார்டு எல் 50-இல் வரும், 0 முதல் 255 வரை எண்ணும் எஸ்ஆர்ஜிபியில் 119-க்குப் பக்கம். 255-இல் பாதி 128 தானே என்று பலர் அங்கே வைக்கிறார்கள், அது சற்று வெளுப்பு. எல் 20 என்பது 48, எல் 95 என்பது 241. வேட்டியின் மடிப்புத் தெரிய வேண்டுமானால் பெரும்பகுதியை 241-க்குக் கீழே நிறுத்துங்கள். எடுக்கும்போதே வேட்டி சட்டை ஃபிரேமை நிறைத்தால் கேமரா மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரு மடங்கு) கூட்டி எடுங்கள்.

கண்ணையும் பழக்கலாம். ஐட்ராப்பரை (ஓர் இடத்தின் எண்ணைக் காட்டும் கருவியை) வைக்கும் முன் அந்த இடத்தின் எல் மதிப்பு என்ன என்று ஒரு எண்ணை மனதில் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள், அப்புறம் பாருங்கள். ஒரு புள்ளியை எடுக்காமல் 5க்கு 5 புள்ளிகளின் சராசரியில் வையுங்கள், இல்லாவிட்டால் நாய்ஸ் (படத்தில் தாறுமாறாக விழும் பொடிப் புள்ளிகள்) ஏமாற்றும். தினமும் இருபது இடம் போதும். நான் பேரனிடம் டிஜிட்டல் கற்றுக்கொண்டபோது நிழலிலிருந்த வெள்ளையை ஒவ்வொரு தடவையும் 20 கூட்டிச் சொன்னேன். நோட்டில் வரிசையாகப் பார்த்த பிறகுதான் என் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிடிபட்டது. ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு விதமாகச் சாயும்.

மஞ்சள்மண்டி

ஐயா சொன்னதோடு நிறம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இதில் நிறைய அடி விழுந்திருக்கிறது. மசாலா கம்பெனிகளுக்கு மஞ்சள், மிளகாய்ப் பொடி எடுக்கிறேன். டோனை மட்டும் பார்க்கலாம் என்று படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் எப்படி ஆக்குகிறீர்கள் என்பது முக்கியம். போட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் டீசாச்சுரேட் கொடுத்தால் சுத்தச் சிவப்பு, சுத்தப் பச்சை, சுத்த நீலம், சுத்த மஞ்சள் நான்கும் ஒரே 128 ஆகிவிடும். உண்மையில் கண்ணுக்கு மஞ்சள் எல் 97, பச்சை 88, சிவப்பு 53, நீலம் 32. எவ்வளவு தூரம் பாருங்கள். அதை நம்பி மஞ்சள் குவியலை வெளுப்பாக்கி, பொடியின் துகளெல்லாம் போய் மாவு மாதிரி ஆகி, ஒரு முழு வேலையைத் திரும்பச் செய்து கொடுத்தேன்.

மேலே ஒரு லேயர் போட்டுக் கறுப்பால் நிரப்பி, பிளெண்ட் மோடைக் கலர் என்று மாற்றுங்கள். கண் உணரும் வெளிச்சத்துக்கு நெருக்கமான சாம்பல் படம் தெரியும், வேண்டாதபோது அணைத்துக்கொள்ளலாம். கூடவே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சளில் நீலச் சேனல் சத்தமில்லாமல் 0-ஐத் தொட்டிருக்கும், கூறைப் புடவையின் சிவப்பில் சிவப்புச் சேனல் 255-இல் முட்டியிருக்கும். மொத்த ஹிஸ்டோகிராமில் எல்லாம் நடுவில் அழகாகத் தெரியும், சரிகைக்குப் பக்கத்துப் பட்டில் நூல் மட்டும் காணாமல் போயிருக்கும்.

எடிட்டிங் மென்பொருளின் கறுப்புப் பின்னணியையும் மாற்றுங்கள். சுற்றிலும் இருட்டு என்றால் படத்தின் நிழல்கள் திறந்து தெரியும், கான்ட்ராஸ்ட் குறைவாகத் தெரியும், நீங்கள் கூட்டுவீர்கள். ஆல்பத்தின் வெள்ளைத் தாளில் அதே நிழல் அடைத்துக்கொள்ளும். லைட்ரூமில் படத்துக்கு வெளியே வலது கிளிக் செய்தால் வெள்ளையோ நடுச்சாம்பலோ வைக்கலாம். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் என்கிற மென்பொருள் இலவசம், கன்ட்ரோல் பி அழுத்தினால் சாம்பல் பின்னணியும் வெள்ளை விளிம்பும் வந்துவிடும்.

ஆனைமலை

அளப்பது வேறு, முடிவு செய்வது வேறு என்று ஐயா பிரித்துச் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. என் யானைப் படங்களை லேப் மதிப்பில் பார்த்தேன், தோலெல்லாம் எல் 30-லிருந்து 45-க்குள் இருக்கிறது, என்னை அறியாமலே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆனால் முகத்துக்கு என்ன எண்? நான் கல்யாணப் படம் எடுத்த காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் முன்பே ஸ்டூடியோக்காரர்கள் வெளுக்கடித்துவிடுவார்கள், வெளுப்பாக இருந்தால்தான் ஆல்பம் எடுபடும் என்று.

ஷேடு கார்டு

முகத்துக்கு என்று ஓர் எண் கிடையாது, இருக்கவும் கூடாது. என் கல்யாண ஆல்பத்தில் என் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். முகத்தை ஏற்றியவர் கையை மறந்துவிட்டார். இருபது வருஷமாகியும் அந்த ஆல்பத்தை எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை, அதில் இருப்பது நான் இல்லை. வேலையில் பையர் கொடுத்த ஷேடிலிருந்து அரைக் கிரேடு விலகினாலே லாட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். மனிதருடைய நிறத்துக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

இருட்டறை

அம்மா சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கருத்த முகத்தை நன்றாகக் காட்ட அதை வெளுக்க வேண்டியதே இல்லை. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் ஒளிக்கும் தாடையின் நிழலுக்கும் இடையே போதிய தூரம் இருந்தால் முகம் எல் 35-இலும் உயிரோடு இருக்கும். மொத்தமாக ஏற்றினால் அந்தத் தூரம்தான் முதலில் செத்துப்போகும். தம்பி, மண்டபத்தில் ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு தடவை மாப்பிள்ளை கையில் கிரே கார்டைக் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டில் அந்தக் கார்டை இரண்டு இடத்திலும் எல் 50-க்குக் கொண்டுவாருங்கள், முகம் தன் இடத்துக்குத் தானாக வந்து நிற்கும். கார்டு இல்லாத பழைய படத்துக்கு இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெற்றியில் ஒரே இடத்தை அளந்து ஒன்றுக்கொன்று நெருக்குங்கள்.

மயிலைக்காளை

செய்துவிட்டேங்க. அளந்தபோது காலைப் படத்தில் நெற்றி எல் 61, சாயங்காலப் படத்தில் 44. பதினேழு வித்தியாசம், என் கண் இரண்டையும் ஒன்று என்று சொல்லியிருக்கிறது! தாராபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பையனின் இயல்பான நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் கிரே கார்டோடு எடுத்து வந்தேன். நெற்றி 47 வந்தது. காலைப் படத்தை 49-க்கு இறக்கினேன், வெயில் என்பதால் இரண்டு கூடுதலாக விட்டேன், சாயங்காலம் 46. காலைப் படம் முதலில் இருண்டது போலத் தெரிந்தது, சட்டையால்தான் என்று தெரிந்ததால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சோதனைப் பிரின்ட் நேற்று வந்தது. கோட்டில் தையல் தெரிகிறது, முடி தனியாகத் தெரிகிறது. அந்த இரண்டு பக்கத்தையும் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் பிரின்டைக் கொடுத்தபோது ஒன்றும் பேசவில்லை, மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

அக்கா, ஒரு சந்தேகம். அட்டையில் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நான் கத்தியால் வெட்டியது கோணல்மாணலாக இருக்கிறது.

ஷேடு கார்டு

ஆபீஸில் ஃபைலுக்கு ஓட்டை போடுகிற பஞ்ச் போதும் தம்பி. இரண்டு துளைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அட்டை பளபளப்பில்லாத சாம்பலாக இருக்கட்டும், பின்பக்கம் வெள்ளை என்றால் அதையும் சாம்பலாக்கிவிடுங்கள், திரை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்.